4 ஜிபி லெப்டொப்பில ஆப் செய்யப் பழகலாமா?

இந்த முறை வந்த கேள்விகள் அநேகமா ஒரே விசயத்தைச் சுத்தித்தான். போன் ஆப் செய்யப் பழகோணும், எதில தொடங்குறது, எந்த சொப்ட்வெயாரைப் போடுறது. அதால வேற கேள்வி எல்லாத்தையும் அடுத்த முறைக்கு வச்சிட்டு இண்டைக்கு இதை மட்டும் கதைப்பம்.

திருக்கடலூர்ல இருந்து ஒரு தங்கச்சி: ஏ.எல். எழுதிட்டு வீட்டில இருக்கிறன். அப்பா கடலுக்குப் போறவர். ஒவ்வொரு நாளும் பிடிச்ச மீன், மண்ணெண்ணெய்க் காசு, ஐஸ் காசு, ஆக்களுக்குப் பிரிச்ச பங்கு எல்லாத்தையும் கொப்பியில எழுதுவார், அதைப் போன்லயே போடுற மாதிரி ஒரு ஆப் செய்து குடுக்க ஆசை. அண்ணா பாவிச்ச பழைய லெப்டொப் இருக்கு, 4 ஜிபி ரேம். ஒருத்தர் அன்ட்ராய்ட் ஸ்டூடியோ எண்டுறார், ஒருத்தர் ஃப்ளட்டர் எண்டுறார், இன்னொருத்தர் விஎஸ் கோட் காணும் எண்டுறார். அன்ட்ராய்ட் ஸ்டூடியோ போட்டுப் பார்த்தன், லெப்டொப் அப்பிடியே நிண்டுட்டு. எனக்கு இது சரிவராதோ?

தங்கச்சி, லெப்டொப் நிண்டதுக்கும் உங்களுக்கு சரிவராததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இதை முதல்ல மனசில எடுங்க. இப்பிடி முதல் நாளே மெஷின் நிண்டு போய், தனக்கு மூளை காணாது எண்டு நினைச்சு விட்டிட்டுப் போன பிள்ளைகள் எத்தனையோ பேரை நான் பார்த்திட்டன், நினைச்சா கவலையா இருக்கும்.

உங்களுக்கு சொன்ன மூண்டு பேரும் மூண்டு வேற வேற சாமானைத்தான் சொல்லியிருக்கினம். ஒருத்தர் போட்டைச் சொல்ல ஒருத்தர் வலையைச் சொல்ல இன்னொருத்தர் எஞ்சினைச் சொன்ன மாதிரி. விஎஸ் கோட் எண்டுறது கோட் எழுதுற ஒரு எடிட்டர், மைக்ரோசொஃப்ட் 2015ல விட்டது, இலவசம், பாரமில்லாதது, ஆனா அது தனிய ஆப் செய்யாது. ஃப்ளட்டர் எண்டுறது கூகுள்ட ஒரு கட்டமைப்பு, டார்ட் எண்ட மொழியில எழுதினா அன்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஒரே கோட்டில ஆப் வரும், அதை விஎஸ் கோட்டிலயும் எழுதலாம் அன்ட்ராய்ட் ஸ்டூடியோவிலயும் எழுதலாம். அன்ட்ராய்ட் ஸ்டூடியோ எண்டுறது எடிட்டர், அன்ட்ராய்ட் ஆப் செய்யத் தேவையான கருவிகள் அடங்கின எஸ்டிகே, ஆப்பைக் கட்டுற கிரேடில், லெப்டொப்புக்குள்ளயே ஒரு போனைக் காட்டுற எமியுலேட்டர் எல்லாம் ஒண்டா வாற முழுச் செட். அதால "எது நல்லது" எண்டு அந்த மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் கேட்டா ஒருக்காலும் முடிவு வராது.

இப்ப உங்கட லெப்டொப் ஏன் நிண்டது எண்டு பாப்பம். அன்ட்ராய்ட் ஸ்டூடியோவைத் திறந்தா அது ஒரு பங்கு ரேமை எடுக்கும், ரன் குடுத்த உடன கிரேடில் தனியா இன்னொரு பங்கை எடுக்கும், அதுக்கு மேல எமியுலேட்டரையும் திறந்தா ஒரு முழு அன்ட்ராய்ட் போன் உங்கட 4 ஜிபிக்குள்ள ஓட வெளிக்கிடும், விண்டோஸும் தன்ட பங்கைக் கேக்கும், பாவம் அது எங்க போறது. கூகுளே குறைஞ்சது 8 ஜிபி வேணும் எண்டுதான் சொல்லுது, எமியுலேட்டரும் சேர்த்து ஓட்டுறதெண்டா 16 ஜிபி. 4 ஜிபியில அதோட மல்லுக்கட்டி நாளைப் போக்காதீங்க, இப்போதைக்கு அழிச்சு விடுங்க, டிஸ்க்கில இடமும் கிடைக்கும்.

உங்கட அப்பாட கணக்கு ஆப்புக்கு நான் சொல்லுறது ஆப் இன்வென்டர். இது 2010ல கூகுளுக்குள்ள தொடங்கி பிறகு அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போனது, இண்டைக்கும் அவையள்தான் நடத்துகினம், காசில்ல. லெப்டொப்பில ஒண்டும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்ல, குரோம் திறந்து ஒரு கூகுள் கணக்கோட உள்ள போனா காணும். போன்ல கம்பேனியன் எண்ட ஆப்பைப் போட்டு லெப்டொப் திரையில வாற கியூஆரை ஸ்கேன் பண்ணினா நீங்க லெப்டொப்பில பட்டனை நகர்த்த நகர்த்த போன்லயும் அது நகரும், ரெண்டும் ஒரே வைஃபையில இருக்கோணும். கோட்டுக்குப் பதிலா நிறம் நிறமான துண்டுகளைப் பொருத்துறது. "இது சின்னப் பிள்ளையள்ட விளையாட்டு" எண்டு ஆரும் சொன்னா காதில வாங்காதீங்க, பட்டனை அமத்தினா என்ன நடக்கோணும், காசு எண்ட பெட்டியில ஆரும் எழுத்தை அடிச்சா என்ன செய்யிறது, ஒரு நாளுக்கு ரெண்டு தரம் கடலுக்குப் போனா கணக்கை எப்பிடிச் சேர்க்கிறது, இந்த யோசனை எல்லாம் துண்டிலயும் அதேதான் கோட்டிலயும் அதேதான். அதில டைனிடிபி எண்டு ஒரு சாமான் இருக்கு, அது விபரத்தைப் போனுக்குள்ளயே சேமிக்கும், கடல்ல சிக்னல் இல்லாட்டியும் அப்பா கணக்குப் போடலாம், இது உங்களுக்கு மிச்சம் முக்கியம், ஏனெண்டா இன்டர்நெட் இருந்தா மட்டும் வேலை செய்யிற ஆப்பை அவர் ரெண்டாம் நாளே மூடி வச்சிட்டு திரும்ப கொப்பியைத்தான் எடுப்பார். ஒரு சங்கடம் என்னெண்டா நீங்க ஆப்பைச் செய்யிற நேரம் லெப்டொப்புக்கு நெட் வேணும், ஆனா அன்ட்ராய்ட் ஸ்டூடியோவும் எஸ்டிகேயும் இறக்கப் போற ஜிபிகளோட பார்த்தா அது ஒண்டுமில்ல.

அந்த ஆப் முடிஞ்சு அப்பா ஒரு மாசம் பாவிச்ச பிறகு, எனக்கு இப்ப உண்மையான கோட் எழுதோணும் எண்டு கை துடிக்கும் பாருங்க, அப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, லெப்டொப்பை அப்பிடியே வச்சுக்கொண்டு விஎஸ் கோட், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை லெப்டொப்பில ஓட்டுற நோட் ஜேஎஸ், எக்ஸ்போ. ரியக்ட் நேட்டிவ் எண்டு ஜாவாஸ்கிரிப்டில ஆப் எழுதுறதுக்கு ஃபேஸ்புக் 2015ல வெளியில விட்ட கட்டமைப்பு இருக்கே, அதை லேசாப் பழக வைக்கிறதுதான் எக்ஸ்போ. எனக்கு இதில பிடிச்சது, பாரமான வேலை லெப்டொப்பில நடக்காது, எக்ஸ்போ கோ எண்ட ஆப் உங்கட போன்ல இருந்துகொண்டு நீங்க எழுதுற ஜாவாஸ்கிரிப்டை வாங்கி ஓட்டும், அன்ட்ராய்ட் எஸ்டிகே கூட லெப்டொப்பில இருக்கத் தேவையில்ல, கடைசியா ஆப்பைக் கட்டுறதையும் அவையள்ட சேர்வரில குடுத்துச் செய்விக்கலாம். மற்றது, லெப்டொப்பைத் திறந்து பார்க்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோய் இன்னொரு ரேம் போட இடம் இருக்கா எண்டு கேளுங்க, சிலதில ரேமை போர்ட்டோட சேர்த்து ஒட்டியிருப்பாங்க அதில ஏலாது, இடம் இருந்தா 8 ஜிபி ஆக்கி பழைய ஹார்ட் டிஸ்க்கையும் மாத்தி எஸ்எஸ்டி போட்டா அது வேற லெப்டொப். அப்ப தைரியமா அன்ட்ராய்ட் ஸ்டூடியோவும் அதில எழுதுற கொட்லின் மொழியும் படிக்கலாம், எமியுலேட்டரைத் திறக்காம உங்கட போனையே கேபிள்ல கொழுவி ஓட்டிப் பாருங்க. போன் செட்டிங்ஸில பில்ட் நம்பர் எண்டு இருக்கிற இடத்தை ஏழு தரம் தட்டினா டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும், அதுக்குள்ள, லெப்டொப்பில செய்யிற ஆப்பைப் போன்ல ஓட்ட விடுற யூஎஸ்பி டீபக்கிங்கை ஒன் பண்ணோணும். அன்ட்ராய்ட் 11 இல்லாட்டி அதுக்கு மேல எண்டா கேபிள் இல்லாம வைஃபையிலயும் செய்யலாம். கேபிள் கொழுவியும் போன் தெரியேல்ல எண்டா முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள் கனக்க இருக்கு, நான் ஒரு முழுப் பின்னேரம் அதில இழந்திருக்கிறன்.

ஃப்ளட்டரை ஏன் சொல்லேல்ல எண்டு கேப்பீங்க. நல்ல சாமான், 2018 டிசம்பர்ல 1.0 வந்ததில இருந்து நானும் பார்த்துக்கொண்டு வாறன், கோட்டை மாத்தின உடன திரையில மாறுறது பழகுற ஆக்களுக்குப் பெரிய சந்தோசம். ஆனா அதுவும் அன்ட்ராய்ட் ஆப்பைக் கட்டுற நேரம் அதே எஸ்டிகேயையும் கிரேடிலையும்தான் கூப்பிடும், 4 ஜிபியில மூச்சு வாங்கும். ரேம் கூடின பிறகு பாருங்க.

உவர்மலை வாசகர் ஒருவர்: என்ட லெப்டொப் 16 ஜிபி, அன்ட்ராய்ட் ஸ்டூடியோ நல்லா ஓடுது. யூடியூப்ல ஒரு பாடத்தைப் பார்த்துச் செய்யிறன், அவர் அக்டிவிட்டி மெயின் எக்ஸ்எம்எல் பைலைத் திறக்கச் சொல்லுறார், எனக்கு அப்பிடி ஒரு பைலே இல்ல. மூண்டு தரம் அழிச்சிட்டு திரும்பப் போட்டிட்டன்.

திரும்ப அழிக்காதீங்க, உங்கட இன்ஸ்டோலில ஒரு பிழையும் இல்ல. அன்ட்ராய்டில திரையை வரையிற முறை மாறிட்டு, அவ்வளவுதான். முந்தி பட்டன் எழுத்து எல்லாத்தையும் எக்ஸ்எம்எல் பைலில எழுதி ஜாவாவிலயோ கொட்லின்லயோ அதைக் கூப்பிடுறது. 2021 ஜூலையில ஜெட்பாக் கம்போஸ் 1.0 வந்தது, அதில திரையையும் கொட்லின்லயே எழுதிடலாம். இப்ப நீங்க புது ப்ராஜெக்ட்டில எம்ப்டி அக்டிவிட்டி எண்டதைத் தெரிவு செய்தா கம்போஸ்தான் வரும், பழைய மாதிரி எக்ஸ்எம்எல் வேணும் எண்டா எம்ப்டி வியூஸ் அக்டிவிட்டி எண்டு பக்கத்திலயே ஒண்டு இருக்கும் அதைத் தெரிவு செய்யோணும். பெயர் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறதால எல்லாரும் விழுற குழி இது.

ஆனா நான் உங்களுக்கு அந்தப் பழைய வழியைச் சொல்ல மாட்டன். கூகுள் 2017ல கொட்லினை ஏத்துக்கொண்டு 2019ல இருந்து முதல் இடத்தையே அதுக்குக் குடுத்திட்டுது, இண்டைக்குப் புதுசாத் தொடங்குற ஆள் கொட்லினும் கம்போஸும் படிக்கிறதுதான் சரி. அன்ட்ராய்ட் பேசிக்ஸ் வித் கம்போஸ் எண்டு கூகுளே அன்ட்ராய்ட் டெவலப்பர் தளத்தில இலவசமா ஒரு முழுப் பாடநெறி வச்சிருக்கு, இங்கிலீஷ்லதான் இருக்கு, ஆனா படியா படியாப் போகுது, ஆரம்பத்தில லெப்டொப்பில ஒண்டும் போடாம பிரவுசரிலயே கொட்லின் எழுத வைக்குது.

வீடியோவைத் தொடங்க முதல் அது போட்ட திகதியைப் பார்க்கப் பழகுங்க. அன்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்கு முந்தி பாவிச்ச எக்லிப்ஸ் எண்ட சொப்ட்வெயாரில அன்ட்ராய்ட் படிப்பிக்கிற வீடியோ இப்பவும் கிடக்கு, கூகுள் அந்த எக்லிப்ஸ் பிளக்கினுக்குச் செய்த உதவியை 2015 முடிவோட நிப்பாட்டிட்டுது. சாமரின் எண்டு ஆப் செய்யிற இன்னொரு கருவி இருந்தது, மைக்ரோசொஃப்ட் அதுக்கான ஆதரவை 2024 மே 1ஆம் திகதியோட முடிச்சிட்டுது. படிப்பிக்கிறவர் எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தினாலும் கருவியே இல்லாமப் போயிருந்தா உங்கட நேரம்தான் வீண்.

கிண்ணியாவில இருந்து, அச்சகத்தில டைப் செட்டிங் செய்யிற ஒருவர்: அன்ட்ராய்ட் ஸ்டூடியோவில எங்கட கடைக்கு ஓர்டர் எடுக்கிற ஒரு ஆப் செய்யிறன். நான் தமிழ்ல அடிச்சு ஒட்டினா ஆப்பில இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வருது. அன்ட்ராய்ட் ஸ்டூடியோவில தமிழ் வேலை செய்யாதா? வேற சொப்ட்வெயார் மாறோணுமா?

மாற வேண்டாம் நானா, நீங்க பாமினியில அடிக்கிறீங்க எண்டு கேள்வியிலயே தெரியுது. பாமினி உண்மையில இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைப் போத்தி வச்ச பொண்ட், உள்ளுக்கு இருக்கிறது இங்கிலீஷ்தான், அச்சடிக்கிற நேரம் பொண்ட் கூட இருக்கிறதால தமிழாத் தெரியும், போனுக்குப் போன உடன போர்வை கழண்டிடும். யூனிகோட்டில அடியுங்க, அதில உள்ளுக்கும் தமிழ் எழுத்தாவே இருக்கும். விண்டோஸில தமிழ் கீபோர்ட் சேர்த்தாலும் சரி, பாமினி தட்டச்சு முறையிலயே அடிச்சு யூனிகோட்டா வாற கீபோர்ட்டும் இருக்கு, உங்கட கைப்பழக்கத்தை மாத்தத் தேவையில்ல. ஏற்கனவே அடிச்சதை மாத்தித் தாற கன்வேர்ட்டர் நெட்டில இலவசமாக் கிடைக்கும்.

நீங்க கேக்காத ஒண்டையும் சொல்லுறன், ஏனெண்டா எங்கட ஊருக்கு இது அவ்வளவு தேவை. கடைக்கு வாற ஆக்கள் தமிழும் கதைப்பினம் சிங்களமும் கதைப்பினம், வெளிநாட்டு ஆக்களும் வருவினம். ஆப்பில வாற சொல்லுகளை கோட்டுக்குள்ள எழுதாம வேல்யூஸ் போல்டரில இருக்கிற ஸ்ட்ரிங்ஸ் பைலில எழுதுங்க, பிறகு பக்கத்தில வேல்யூஸ்-டிஏ எண்டு தமிழுக்கும் வேல்யூஸ்-எஸ்ஐ எண்டு சிங்களத்துக்கும் ஒவ்வொரு போல்டர் போட்டு அதே பைலை அந்தந்த மொழியில எழுதி வச்சா போன் எந்த மொழியில இருக்கோ ஆப் தானா அந்த மொழியில திறக்கும். கோட்டில ஒரு வரி கூட மாத்தத் தேவையில்ல. இதை முதல் நாளே செய்யோணும், 40 திரை முடிஞ்ச பிறகு சொல்லுகளைப் பொறுக்கி எடுக்கிறது பெரிய கரைச்சல். அதோட பட்டனுக்கு அளவை இறுக்கி வைக்காதீங்க, ஓர்டர் எண்டு இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து, தமிழ்ல "கோரிக்கையை அனுப்புக" எண்டு வந்தா வெளியில தள்ளும், கொம்பு விசிறி மேலயும் கீழயும் வெட்டுப்படும்.

மூதூர்ல இருந்து 10ஆம் ஆண்டு மாணவன்: எங்கட வீட்டில கொம்பியூட்டர் இல்ல. போன் மட்டும்தான். நான் எப்பிடிப் பழகுறது?

தம்பி, போன்ல குரோமைத் திறந்து கொட்லின் பிளேகிரவுண்ட் எண்டு தேடுங்க, எழுதி ரன் குடுத்தா அங்கயே விடை வரும், இன்ஸ்டோல் இல்ல. டார்ட்பேட் எண்டு ஃப்ளட்டருக்கும் அப்பிடி ஒண்டு இருக்கு. ரெண்டில ஒண்டை எடுத்து மாறிகள், இஃப், லூப், ஃபங்ஷன் வரைக்கும் போங்க, சின்னத் திரையில கன நேரம் எழுத ஏலாது, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைஞ்சு வரி காணும். ஆப்பின்ட திரையை சிஆர் கொப்பியில பென்சிலால கீறுங்க, எந்தப் பட்டனைத் தட்டினா எந்தத் திரைக்குப் போகும் எண்டு அம்புக்குறி போடுங்க, பெரிய கம்பெனிகள்லயும் முதல்ல இப்பிடித்தான் கீறுவினம்.

பாடசாலையில ஐசிடி லேப் இருந்தா டீச்சரிட்ட கேட்டு கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வாங்குங்க. மேல தங்கச்சிக்குச் சொன்ன ஆப் இன்வென்டர்தான் உங்களுக்கும், ஏனெண்டா நீங்க செய்யிறது எல்லாம் உங்கட கூகுள் கணக்கோட அங்கயே இருக்கும், இந்தக் கிழமை ஒரு கொம்பியூட்டரில செய்து அடுத்த கிழமை வேற கொம்பியூட்டரில தொடரலாம், பென்ட்ரைவும் தேவையில்ல, லேப்பில ஒண்டும் இன்ஸ்டோல் பண்ண அனுமதி கேக்கவும் தேவையில்ல. போகேக்க சைன் அவுட் பண்ண மறக்காதீங்க. டீச்சர் மறுத்தா எனக்குத் திரும்ப எழுதுங்க, என்ன சொல்லிக் கேக்கலாம் எண்டு சேர்ந்து யோசிப்பம்.

உப்புவெளியில இருந்து ஒரு அம்மா: மகன் ஆப் செய்யப் பழக மேக்புக்தான் வேணும் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான். வாங்கிக் குடுக்கத்தான் வேணுமா?

வேண்டாம் அக்கா, இப்ப வேண்டாம். ஐபோன் ஆப்பை முழுசாக் கட்டுற எக்ஸ்கோட் மேக்கில மட்டும்தான் ஓடும், அவன் சொல்லுறதில அந்த அளவு உண்மை இருக்கு. ஆனா பழகுறதுக்கு அது தேவையில்ல. அதோட ஐபோன் ஸ்டோரில போட அப்பிளுக்கு வருசா வருசம் 99 டொலர் கட்டோணும், கூகுள் ப்ளேக்கு ஒரே ஒரு தரம் 25 டொலர். மேக்புக் வாங்குற காசில பாதிக்கும் குறைவா 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள விண்டோஸ் லெப்டொப் ஒண்டு, பாவிச்சதெண்டாலும் பரவாயில்ல, வாங்கிக் குடுங்க. அவனிட்ட ஐபோன் இருந்தா எக்ஸ்போ கோ அதிலயும் ஓடும், விண்டோஸில எழுதி ஐபோன்ல பார்க்கலாம். ஆறு மாசத்தில ஒரு ஆப்பை முழுசா முடிச்சு உங்கட கையில தரட்டும், அப்ப மேக்கைப் பத்திக் கதையுங்க.

தம்பலகாமத்தில இருந்து ஒருவர்: வயல் வேலைக்கு மெஷின் வாடகைக்குப் பிடிக்கிற ஆப் ஒண்டு முடிச்சிட்டன். நாளைக்கே ப்ளே ஸ்டோரில போடலாமா?

முதல்ல பாராட்டுக்கள், முடிக்கிறதுதான் கஷ்டம். ஆனா நாளைக்கே ஏலாது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கெண்டா, குறைஞ்சது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனை ஆக்களாச் சேர்ந்து இருக்கோணும், அதுக்குப் பிறகுதான் எல்லாருக்கும் வெளியில விட விண்ணப்பிக்கலாம். முந்தி 20 பேர் கேட்டது, 2024 டிசம்பர்ல 12 ஆக்கினாங்க, அதால பழைய வீடியோ பார்த்து பயப்படாதீங்க. 12 பேரை ஃபேஸ்புக்கில தேடாம உங்கட ஊர்லயே மெஷின் வச்சிருக்கிற நாலு பேர், வயல் செய்யிற எட்டுப் பேர் எண்டு பிடியுங்க, அவையள் சொல்லுற குறைதான் உண்மையான குறை. இடையில ஆரும் விலகினா எண்ணிக்கை குறையும், அதால 15 பேராச் சேருங்க.

இன்னொண்டு, ஆப்பை சைன் பண்ணுற நேரம் ஆப் உங்கடதுதான் எண்டு காட்டுற கீ இருக்கிற கீஸ்டோர் பைல் ஒண்டு உருவாகும், பாஸ்வேர்ட்டும் கேக்கும். லெப்டொப்பில மட்டும் வச்சிருந்து லெப்டொப் பழுதாகினா அடுத்த அப்டேட் விட ஏலாமக் கிடந்து கூகுளுக்கு எழுதிப் புதுக் கீ கேக்கோணும், ப்ளே ஸ்டோருக்கு வெளியில குடுத்த ஆப்பெண்டா அதுவும் இல்ல. பைலை ஒரு பென்ட்ரைவிலயும் உங்கட மெயிலிலயும் போட்டு வையுங்க, பாஸ்வேர்ட்டை ஒரு கொப்பியில எழுதி உறுதிக் கட்டு வச்சிருக்கிற அலுமாரியில வையுங்க, இதைச் செய்து முடிச்சிட்டு அந்த 15 பேருக்கும் கோல் எடுங்க.